புரோகிரசிவ், பைஃபோகல், தனித்தனிக் கண்ணாடி: எது யாருக்குப் பழகாது?

நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கோடு தெரியாமல் மேலிருந்து கீழாகப் பவர் மாறிக்கொண்டே போகும் புரோகிரசிவ் ஒன்று. படிப்பதற்கென்று கீழே தனித் துண்டு வைத்த பைஃபோகல் இன்னொன்று. தூரத்துக்கு ஒரு கண்ணாடி, படிக்க ஒரு கண்ணாடி என்று இரண்டு வைத்துக்கொள்வது மூன்றாவது. இவற்றில் எதை வாங்கிப் போட்டுவிட்டுச் சிரமப்பட்டாலும், "கொஞ்ச நாள் போடுங்க, பழகிடும்" என்ற ஒரே பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. பலருக்கு அப்படியே பழகியும் விடுகிறது. ஆனால் சில சிரமங்கள் மாதக்கணக்கில் போட்டாலும் போகாது. அவற்றையும் "பழகிடும்" என்று தள்ளிப்போடுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

பழகக்கூடியது எது என்று முதலில் பார்ப்போம். பிளஸ் லென்ஸ் உருவத்தைச் சற்றுப் பெரிதாக்கும், மைனஸ் சிறிதாக்கும். நாம் தலையைத் திருப்பும்போது காட்சி ஆடாமல் நிற்பதற்காக, உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு கண்களை எதிர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டே இருக்கிறது. பவர் மாறினால் அந்த நகர்வின் அளவும் மாற வேண்டும். மூளை அதைத் திருத்திக்கொள்ளும்வரை தரை மிதக்கும், படிக்கட்டின் உயரம் தவறாகத் தெரியும். இது சில நாளில், மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதற்குள் அடிக்கடி பழைய கண்ணாடிக்குத் திரும்பினால் மட்டும் இழுத்துக்கொண்டே போகும்.

அப்புறம் புரோகிரசிவுக்கு வருவோம். பெர்னார் மெத்தனா வடிவமைத்த வரிலக்ஸ் என்ற புரோகிரசிவ் லென்ஸ் 1959-ல் பிரான்சில் வந்தது. அன்றிலிருந்து இந்த வகை எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு கணித விதியை யாராலும் தாண்ட முடியவில்லை. கீழ்நோக்கிப் பவரை ஏற்றினால், பக்கவாட்டில் வேண்டாத சிலிண்டர், அதாவது திசைக்குத் திசை மாறி உருவத்தை மங்கலாக்கும் பவர், தானாகவே உருவாகும். நடுக்கோட்டை விட்டு விலக விலக, பவர் ஏறும் வேகத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் அது கூடும். லென்ஸ் தயாரிப்பவர் இந்த மங்கலை ஓரத்துக்குத் தள்ளலாம், மெல்லியதாகப் பரப்பலாம். இல்லாமல் செய்ய முடியாது.

வாங்குபவருக்கு இதில் முக்கியமான செய்தி இருக்கிறது. படிப்பதற்காகக் கூடுதலாகச் சேர்க்கும் பவர் 1.00 என்றால் தெளிவான நடுப்பாதை அகலமாக இருக்கும். 2.50 என்றால் குறுகிவிடும். அதனால் வெள்ளெழுத்து தொடங்கும்போதே புரோகிரசிவுக்கு வருபவர் சுலபமாகப் பழகுகிறார். அறுபதில் முதல்முறை போடுபவர் திண்டாடுகிறார். உயரம் குறைந்த ஃப்ரேமும் இதே வம்பைத்தான் செய்யும். இருக்கும் சிறிய இடத்துக்குள் பவர் வேகமாக ஏற வேண்டியிருப்பதால் பாதை இன்னும் நெருங்கிப்போகும். ஃப்ரேமின் அழகுக்காக இதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பேன்.

புரோகிரசிவில் அளவெடுப்புதான் பாதி வேலை. மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்மணிக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். கண்மணி நிற்கும் உயரத்தை, தேர்ந்தெடுத்த ஃப்ரேமை முகத்தில் மாட்டிச் சரிசெய்த பிறகுதான் குறிக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலும் கழுத்துக்குத் தெரிந்துவிடும். நேராகப் பார்க்கும்போது தூரம் மங்கி, முகவாயைத் தாழ்த்தினால் தெளிந்தால், லென்ஸை மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். படிக்கும்போது முகத்தை அளவுக்கு மீறித் தூக்க வேண்டியிருந்தால், கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். நேரே இருக்கும் பக்கத்தைப் படிக்கத் தலையை ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டியிருந்தால், கண்மணித் தூரத்தைச் சந்தேகிக்கலாம். இவற்றில் சிலது மூக்குத் தாங்கியைச் சரிசெய்தாலே தீரும். மற்றவற்றுக்கு லென்ஸை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பைஃபோகலைப் பழசு என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கவாட்டு நெளிவு கிடையாது. தூரம் முழுக்கத் தெளிவு, படிக்கும் பகுதியும் அகலம். நீண்ட நேரம் உட்கார்ந்து படிப்பவருக்கு இது பெரிய நிம்மதி. தொந்தரவு கோட்டில்தான். பார்வை அதைக் கடக்கும்போது உருவம் சட்டென்று குதிக்கும். வட்டத் துண்டில் குதிப்பு அதிகம், மேல்விளிம்பு தட்டையான துண்டில் குறைவு. இன்னொரு குறை, கணினித் திரை இருக்கும் நடுத்தூரம் பைஃபோகலில் விட்டுப்போகிறது. நாளெல்லாம் திரைக்கு முன் இருப்பவருக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

தனித்தனிக் கண்ணாடியின் குறை எல்லாருக்கும் தெரியும்: கழற்றி மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமுள்ளவருக்கு இதைவிட நல்ல வழி குறைவு. வலது கண் மைனஸ் 1, இடது கண் மைனஸ் 4 என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் மையத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே பார்த்துப் படித்தால், வலது லென்ஸ் உருவத்தை 1 பிரிசம் (உருவம் விலகுவதை அளக்கும் அலகு) அளவும் இடது லென்ஸ் 4 பிரிசம் அளவும் நகர்த்தும். இந்த 3 பிரிசம் மேல்கீழ் வித்தியாசத்தைக் கண்கள் இணைத்துப் பார்க்கத் திணறும். எழுத்து இரட்டையாகும், தலை வலிக்கும். புரோகிரசிவும் பைஃபோகலும் கீழே பார்த்தே படிக்க வைப்பவை என்பதால் இந்தச் சிக்கல் அவற்றோடு கூடவே வருகிறது. படிப்பதற்கென்றே செய்த கண்ணாடியில் தலையைக் குனிந்து மையத்தின் வழியாகவே பார்க்கலாம், அல்லது மையத்தையே சற்றுக் கீழே வைத்துச் செய்யலாம்.

வயதானவர்கள் விஷயத்தில் விழும் ஆபத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பைஃபோகல், புரோகிரசிவ் இரண்டிலும் காலடியைப் படிக்கும் பவர் வழியாகப் பார்ப்பதால் படி மங்கும். 2010-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் இத்தகைய லென்ஸ் அணியும் முதியவர்களுக்கு வெளியே போகத் தூரக் கண்ணாடி தனியாகக் கொடுத்தார்கள். அடிக்கடி வெளியே நடமாடுபவர்கள் விழுவது குறைந்தது. அதிகம் வெளியே போகாதவர்களுக்கோ வெளியில் விழுவது கூடியது. அதனால் நிறைய நடப்பவருக்குத்தான் இந்த ஏற்பாடு.

மூன்று வகைக்கும் பொதுவான காரணங்களும் உண்டு. சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் எடுத்த பவர், சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் பொருந்தாது. சாய்ந்த ஆக்சிஸில், அதாவது நேராகவோ கிடையாகவோ இல்லாத கோணத்தில், முதல்முறையாகப் பெரிய சிலிண்டர் பவர் வந்தால் சுவரும் தரையும் சரிந்து தெரியும். முதலில் குறைத்துக் கொடுத்துப் பிறகு கூட்டுவது பலருக்கு உதவுகிறது. பவர் மாறாமலே பிடிக்கவில்லை என்றால் லென்ஸ் பொருளைக் கேளுங்கள். பாலிகார்பனேட்டுக்கு மாறியிருந்தால், பவர் அதிகமுள்ளவருக்கு ஓரங்களில் நிறச் சிதறல் தெரியலாம்.

இரண்டு வாரம் விடாமல் போட்டும் சிரமம் குறையவில்லையா? பழைய கண்ணாடி, புதுக் கண்ணாடி, பவர் எழுதிய சீட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். முதலில் புது லென்ஸில் உள்ள பவரும் மையமும் சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் கண்ணை மறுபடி பரிசோதிக்கலாம். இரட்டையாகத் தெரிந்தாலோ, ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று மங்கினாலோ அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம், உடனே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.