தனி அறையா, திறந்த தோப்பா, வீட்டோடா? மதுரைப் பக்கம் நாய்க் காப்பகம் நடத்தும் மூன்று முறைகள்

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் செல்லும் குடும்பமும், மாலை போட்டுச் சபரிமலைக்குப் புறப்படும் குழுவும், பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்காவில் தங்கப் போகும் பெற்றோரும் வீட்டைப் பூட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: நாயை எங்கே விடுவது? கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய பிறகு, பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் குறைந்துவிட்டது. ஆகவே அழகர்கோவில் சாலையிலோ நத்தம் சாலையிலோ, நாகமலை அல்லது செக்கானூரணிப் பக்கமோ ஓர் ஏக்கர் நிலமும் ஒரு போர்வெல்லும் வைத்திருப்பவர்கள் இதை ஒரு தொழிலாக நினைத்துப் பார்ப்பது இயல்பே. அப்படி நினைப்பவர் முன்னால் மூன்று முறைகள் இருக்கின்றன. சுவர் வைத்துத் தனித்தனி அறைகளை வரிசையாகக் கட்டி நாய்களைப் பிரித்து வைப்பது முதல் முறை. வேலியிட்ட தோப்பில் எல்லா நாய்களையும் ஒன்றாக விட்டு, இரவில் மட்டும் அடைப்பது இரண்டாவது. நான்கைந்து நாய்களை மட்டும் ஏற்றுக்கொண்டு தம் வீட்டு நாய்களைப் போலவே கூடத்தில் வைத்திருப்பது மூன்றாவது.

இம்மூன்றையும் ஒப்பிடும்போது பலர் முதலில் பார்ப்பது இட வசதியையும் கட்டணத்தையும்தான். என் பார்வையில், மதுரைப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது வெயில். நாய்க்கு இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. அது 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்த்து வெப்பத்தைத் தணித்துக்கொள்ள அதனால் முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதே அதற்குள்ள பெரிய வழி. முகம் சப்பையான பக், ஷிட்சூ போன்ற இனங்களுக்கு அந்த வழியும் பாதி அடைபட்டது போலத்தான். சித்திரை, வைகாசி மாதங்களில் வெளியிலேயே 40 டிகிரியைத் தொடும் ஊரில், தகரக் கூரை போட்ட அறை பிற்பகல் மூன்று மணிக்கு எப்படியிருக்கும் என்பதை, அந்தத் தகரத்துக்குக் கீழே பத்து நிமிடம் நின்று பார்ப்பவர் தெரிந்துகொள்ளலாம்.

இந்த ஒரு விஷயத்தில் தோப்பு முறை தெளிவாக முந்துகிறது. வேப்பமரமும் புளியமரமும் தரும் நிழலுக்கு நிகரான கூரையை எந்தக் கொத்தனாரும் கட்டித் தர முடியாது. நாய் தானே நிழல் தேடிச் சென்று, மண்ணைப் பறித்துக் குழியாக்கி, அந்தக் குளிர்ச்சியில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். தென்னந்தோப்பு அப்படியல்ல: நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும், மட்டையும் நெற்றும் தலையில் விழும் அபாயமும் உண்டு. தனி அறை முறையில் இந்தக் குறையைக் கட்டும்போதே சரிசெய்துவிடலாம். மாட்டுக் கொட்டகைக்குச் சொல்வதைப் போலவே நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வைத்து, ஓட்டுக் கூரை போட்டு, கூரைக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போக இடம் விட்டால் பெரும்பகுதிச் சூடு தணியும். கீற்றுக் கூரை இதைவிடக் குளிர்ச்சி என்றாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; காரணம் உண்ணி.

நாய்களில் காணப்படும் பழுப்பு உண்ணி, புழுப் பருவம், இளம் பருவம், முதிர் பருவம் என ஒவ்வொரு கட்டத்திலும் ஒருமுறை இரத்தம் குடித்துவிட்டு நாயை விட்டு இறங்கிவிடும். இரத்தம் குடித்து மொச்சைக் கொட்டையளவு பருத்த பெண் உண்ணி, சுவரில் மெதுவாக ஏறி, விரிசலிலோ கூரைக் கீற்றின் மடிப்பிலோ புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரவில் டார்ச் விளக்கைச் சுவரின் மேல்மூலையில் அடித்துப் பார்த்தால் அவை வரிசை கட்டி ஏறுவது தெரியும். நாய்க்கு மருந்து போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தச் சுவரைப் பார்ப்பதில்லை. எர்லிக்கியா, பபேசியா போன்ற நோய்களை இந்த உண்ணிதான் பரப்புகிறது. இவற்றில் முதலாவதில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் இரத்தம் வடியலாம், இரண்டாவதில் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகலாம். விடுமுறை முடிந்து வீடு திரும்பிய இரண்டு மூன்று வாரங்களில் நாய் காய்ச்சலில் படுத்தால், உரிமையாளரின் சந்தேகம் காப்பகத்தின் மீது விழுவதில் நியாயம் இருக்கிறது. விரிசல் இல்லாமல் பூசி, வெள்ளையடித்துப் பராமரிக்கும் சிமெண்டுச் சுவர் இங்கே தோப்பையும் வீட்டையும் வென்றுவிடுகிறது.

குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் இரத்த வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பார்வோ வைரஸில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. நோயுற்ற குட்டியின் மலத்தோடு வெளியேறும் அந்த வைரஸ், நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பல மாதங்கள், சில வேளை ஓர் ஆண்டுக்கும் மேல் உயிர்ப்போடு இருக்கும். நம் வீடுகளில் நம்பிக்கையோடு தெளிக்கப்படும் பினாயிலை நம்பி அதை எதிர்கொள்ள முடியாது. பிளீச்சிங் கரைசல் தேவை, அதுவும் மலத்தையும் அழுக்கையும் முதலில் சோப்பு நீரால் கழுவி நீக்கிய பிறகே வேலை செய்யும். வீட்டு உபயோகத்துக்கான பிளீச் திரவத்தில் ஒரு பங்குக்கு ஏறக்குறைய முப்பது பங்கு தண்ணீர் சேர்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவிவிட வேண்டும். வடிகாலை நோக்கிச் சரிவாகப் போட்ட சிமெண்டுத் தரையில் இது தினசரி வேலை. தோப்பு மண்ணில் செய்யவே முடியாத வேலை. ஒரே ஒரு நோயுற்ற குட்டி வந்துபோனாலும் அந்தத் தோப்பை நீண்ட காலம் குட்டிகளுக்கு மூடிவிட வேண்டியதுதான். எனவே தோப்பு முறையைத் தேர்ந்தெடுப்பவர், தடுப்பூசித் தொடரை முடித்து ஒரு வயதைத் தாண்டிய நாய்களை மட்டும் ஏற்பது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கென்னல் காஃப் எனப்படும் இருமல் நோய் காற்றின் வழியே பரவுவதால் மூன்று முறைகளிலும் அதன் அபாயம் உண்டு. ஆனால் கூட்டமாக விளையாடும் இடத்தில் ஒரு நாய்க்கு வந்தால் அத்தனைக்கும் வந்துவிடும்.

அடுத்தது வேலி. இதை வெளியூர்க் காப்பகங்களைப் பார்த்துத் திட்டமிடுபவர்கள் சரியாகக் கணிப்பதில்லை. நம் பக்கத்து நாய்கள் எல்லாமே லேப்ரடார் அல்ல. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கும் வேட்டை இனங்கள். அழகர்மலை அடிவாரத்தில் மயிலுக்குப் பஞ்சமில்லை. வேலிக்கு அப்பால் ஒரு மயில் நடந்து போனால், அதுவரை கால் நீட்டிப் படுத்திருந்த சிப்பிப்பாறை எழுந்து, நான்கு எட்டில் வேகமெடுத்து, ஐந்தடிக் கம்பி வலையைத் தாண்டி அடுத்த கொல்லைக்குள் நிற்கும். ராஜபாளையத்தில் வேறொரு சிக்கல்: அந்த வெள்ளை இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பது அறியப்பட்ட குறை; திறந்த வெளியில் அப்படிப்பட்ட நாயைக் கூப்பிட்டுத் திரும்ப வரவைக்க வழியில்லை. ஆக, தோப்புக்கு ஏழடி வேலியும், அடியில் பறித்து வெளியேறாதபடி ஒன்றரை அடி ஆழக் கல் கட்டும், இரட்டைக் கதவும் வேண்டும். ஓர் ஏக்கரைச் சுற்றி இதைச் செய்யும் செலவு, எட்டு அறை கட்டும் செலவை நெருங்கிவிடும். தோப்பு முறை மலிவானது என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. வீட்டு முறையில் வேலி சிறியது, ஆனால் கதவு பெரிய ஆபத்து: பால்காரர் வருவார், கேஸ் சிலிண்டர் வரும், பள்ளிப் பிள்ளைகள் ஓடி வருவார்கள், ஒவ்வொரு முறையும் கதவு திறக்கும்.

சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறிமுகமில்லாத நாய்களை ஒன்றாக விட்டால் சண்டை வரும். பத்து நாய்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் கண் எடுக்காமல் பார்த்திருக்க ஆள் வேண்டும். இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெண் நாயைக் கூட்டத்தில் சேர்க்கவே கூடாது. தோப்பிலும் வீட்டிலும் சோற்றுத் தட்டுகளை ஒரே இடத்தில் வைப்பவர் அதன் பலனைத் தாமே காண்பார். கூடவே, காப்பக எல்லைக்குள் அரளிச் செடி இருந்தால் இன்றே வேரோடு எடுத்துவிட வேண்டும். பூவுக்காக நம் பக்கம் வேலியோரம் எங்கும் வைத்திருக்கும் அந்தச் செடியின் ஒவ்வொரு பகுதியும் நாயின் இதயத்தைத் தாக்கும் நஞ்சு.

இதுவரை சொன்னவற்றில் வீட்டு முறை எங்கும் முதலிடம் பெறவில்லை. ஆனால் அது வெல்லும் இடம் ஒன்று உண்டு, அது இரவு. தனி அறை வரிசையில் இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு ஆள் போய்விட்டால், காலை ஆறு மணி வரை அங்கே நடப்பது யாருக்கும் தெரியாது. வயிறு உப்பித் தவிக்கும் பெரிய நாயோ, வலிப்பு வந்த கிழ நாயோ, கண்ணாடி விரியன் கடித்த நாயோ விடியும்வரை தாங்காது. பன்னிரண்டு வயது நாயை, மாத்திரைச் சீட்டோடு, ஆறு மாதத்துக்கு விட்டுச் செல்லும் பெற்றோருக்கு வேண்டியது சுத்தமான அறை மட்டுமல்ல. இரவில் நாய் முனகினால் கேட்கும் தூரத்தில் ஒரு மனிதர். வீட்டு முறை நடத்துபவர் இந்த வகை வாடிக்கையாளருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கட்டணம் வாங்கினாலும் தவறில்லை. ஐந்துக்கு மேல் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தால் அந்தச் சிறப்பு போய்விடும். வீட்டாருக்கும் தூக்கம் போய்விடும்.

குரைப்பு ஊராரோடு தொடர்புடையது. எதிரெதிரே பார்க்கும்படி கட்டிய அறைகளில் ஒரு நாய் தொடங்கினால் மற்றவை விடாது. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டி, இடைச்சுவரை நாலரை அடி வரை அடைப்பாக வைத்தால் பாதி சத்தம் குறையும். கிராமத்தில் இடம் பார்க்கும்போது ஊர்த் திருவிழா நாள்களையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நகரத்துத் தீபாவளி வெடிக்குப் பயந்து நாயைக் கொண்டுவந்து விடுபவர்கள் உண்டு. அதே நாயை அம்மன் கோவில் வேட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் வைத்துவிட்டால் அர்த்தமில்லை. அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் இடம் எடுப்பவர்கள் பொங்கல் விடுமுறையில்தான் அதிக நாய்கள் வரும் என்பதையும், அதே நாள்களில் சல்லிக்கட்டுக்காகச் சாலை நிரம்பியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பகல் காப்பகம், அதாவது டே கேர், பெங்களூரில் நன்றாக நடக்கிறது என்று சொல்லி இங்கேயும் சேர்த்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு ஒரு கணக்கு. அழகர்கோவில் மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர். காலையில் விட்டுவிட்டுத் திரும்பி, மாலையில் மீண்டும் வந்து அழைத்துச் செல்லும் உரிமையாளர் ஒரு நாளைக்கு 84 கிலோமீட்டர் ஓட வேண்டும். எந்த அலுவலர் இதைச் செய்வார்? வேன் வைத்து நாமே அழைத்து வரலாம் என்றால், ஓட்டுநரும் டீசலும் பகல் கட்டணத்தை விழுங்கிவிடும். பகல் காப்பகம் ஊமச்சிகுளத்தைத் தாண்டாத தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். கிராமத்துக் காப்பகத்தில் அதற்கு ஒரே பயன், நீண்ட நாள் தங்க வரும் நாயை முன்னதாக ஒரு பகல் கொண்டுவந்து பழக்குவது. அதற்கு ஒரு சிறு கட்டணம் வாங்கலாம்.

வருமானத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பேச்சுக்கு ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எட்டு அறை நிரம்பிய நாளில் 4,000 ரூபாய். ஆனால் அறைகள் நிரம்புவது கோடை விடுமுறை, தீபாவளி, கார்த்திகை மார்கழி, பொங்கல் ஆகிய காலங்களில்தான். சாதாரண நாளில் மூன்று நாய் இருந்தால் 1,500 ரூபாய். அதில் ஆள் கூலி 600 என்றாலும் மீதத்தில் தீவனம், மருந்து, மின்சாரம் எல்லாம் அடங்க வேண்டும். தோப்புக்கான இலவச விவசாய மின் இணைப்பை இந்தத் தொழிலுக்கு இழுத்துக்கொள்ள முடியாது. தனி இணைப்பு வாங்க வேண்டும். கட்டடத்துக்கு ஊராட்சி அனுமதியும் தேவை. சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், உடலை அசைக்க இடமில்லாத கூண்டில் அடைப்பதும் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், அறையை மிகச் சிறிதாகக் கட்டி எண்ணிக்கையைக் கூட்டும் வழியும் அடைபட்டிருக்கிறது.

ஓர் ஏக்கர் உள்ளவர் என்னிடம் கேட்டால், எட்டு வேண்டாம், ஆறு தனி அறைகள் கட்டச் சொல்வேன். தோப்பு முழுவதற்கும் வேலி போடாமல், அறைகளை ஒட்டி மரநிழல் உள்ள பத்து சென்ட் இடத்துக்கு மட்டும் ஏழடி வேலி போட்டு, காலையும் மாலையும் ஒவ்வொரு நாயாகவோ, ஒத்துப்போகும் இரண்டாகவோ விடலாம். ஆள் தங்கும் அறை அந்த வரிசையிலேயே, நடுவில் இருக்க வேண்டும்; அதற்கு ஆள் கிடைக்காவிட்டால் குடும்பமே அங்கே குடியிருக்க வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாதவர் அறைகளைக் கட்டாமல், தம் வீட்டில் மூன்று நாய்களோடு வீட்டு முறையைத் தொடங்கலாம். உணவை உரிமையாளரே கொண்டுவந்து தரும்படி சொல்லிவிட வேண்டும்; தயிர்சாதத்தில் வளர்ந்த நாய்க்குத் திடீரென்று கோழிக் கழுத்தைப் போட்டால் மறுநாள் கழுவும் வேலை இரட்டிப்பாகும். தொழில் தொடங்கிய முதல் ஆண்டில் குட்டிகளை ஏற்காமல், தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்கித் தேதியைப் பார்த்து, உண்ணி மருந்து கொடுத்த நாளையும் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கதவைத் திறக்க வேண்டும்.