ஈரக்காற்று அடிக்கிற ஊரில் பவுடர் கேப்சூலா, பம்பும் ஸ்பேசருமா?

இழுப்புக்கு, அதாவது ஆஸ்துமா மாதிரி மூச்சுத்திணறலுக்கு, டாக்டர் எழுதித் தரும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நம் கைக்கு வரும். ஒன்று, கேப்சூலைப் போட்டு உறிஞ்சுகிற பவுடர் இன்ஹேலர். இன்னொன்று, அழுத்தினால் பீச்சுகிற பம்பு, அதோடு ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழல். அம்மாவுக்கு முதலில் பவுடர், பிறகு பம்பு என்று இரண்டையும் எங்கள் வீட்டில் பார்த்தாயிற்று. எங்கள் குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, திருவட்டார் என்று மலையடிவாரத்தில் இருக்கிறவர்களுக்குப் பம்பும் ஸ்பேசரும்தான் சரி என்பது என் முடிவு. நாகர்கோவிலில் காய்ந்த மாடி வீட்டில் இருக்கிற ஒருவர் வேறு முடிவுக்கு வரலாம், அதையும் மறுக்க மாட்டேன்.

மாத்திரையும் சிரப்பும் இந்தப் போட்டியிலேயே இல்லை. "பம்பு அடிக்கப் பழகினால் விட முடியாது, மாத்திரையே போதும்" என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து. பம்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு 4 மில்லிகிராம் மாத்திரையில் நாற்பது அழுத்துக்கான மருந்து இருக்கிறது, அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் மூச்சுக்குழாய்க்கு வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான். மருந்து நேராக நெஞ்சுக்கு இறங்குவதுதான் நல்லது, இதில் பவுடரும் பம்பும் ஒன்றுதான். இரண்டிலும் அதே மருந்துகள் கிடைக்கின்றன. இரண்டிலும் ஸ்டீராய்டு மருந்து எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும்.

பவுடரின் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பம்பை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், அரை நொடி பிசகினாலும் மருந்து தொண்டையில் அடித்துவிடும். பவுடரில் அந்தத் தொல்லை இல்லை, நாம் இழுத்தால்தான் வரும். பம்பில் மருந்தைத் தள்ளுகிற வாயுவும் பவுடரில் கிடையாது. பழைய பம்புகளில் இருந்தது ஓசோனைக் கெடுக்கிற சிஎஃப்சி, 1987இன் மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அதை மெல்ல மெல்ல நிறுத்திவிட்டு எச்எஃப்ஏ வாயுவுக்கு மாறினார்கள். அது ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் என்பதால் இப்போது அதற்கும் மாற்று தேடுகிறார்கள். பவுடர் கருவி சட்டைப் பையில் அடங்கும், ஸ்பேசர் அடங்காது. எத்தனை கேப்சூல் மிச்சம் என்பது பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். இதெல்லாம் உண்மையான வசதிகள்.

இத்தனையையும் எங்கள் ஊரில் தள்ளுபடி செய்துவிடுவது ஈரம்.

மருந்து மூச்சுக்குழாயின் ஆழம்வரை போக அதன் துகள் 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் எழுபது மைக்ரான் போல வரும், அப்போது இது எவ்வளவு பொடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய துகள் தொண்டையில் மோதி நின்றுவிடும். ஆனால் இவ்வளவு நைசாக அரைத்த தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சீராகக் கொட்டாது, கேப்சூலில் அளந்து போடுவதும் கஷ்டம். அதனால் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரையின் பெரிய துகள்களோடு கலக்கிறார்கள். மருந்து அந்தச் சர்க்கரைத் துகளின் மேல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாம் வேகமாக இழுக்கும்போது காற்றின் விசையில் அது பிய்ந்து உள்ளே போக, சர்க்கரை வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும். பவுடர் இன்ஹேலர் தயாரிப்பில் இருக்கிற நுணுக்கமெல்லாம் இந்த இடத்தில்தான். சரியாக ஒட்டாவிட்டால் கேப்சூலுக்குக் கேப்சூல் அளவு மாறும், அதிகமாக ஒட்டினால் இழுக்கும்போது பிரியாது.

ஈரம் பட்டால் என்ன ஆகும்? துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் உண்டாகி அவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்து உப்பு ஜாடியைப் போலத்தான், மேலே பார்த்தால் தூள், கரண்டியை விட்டால் கட்டி. அப்போது மருந்து சர்க்கரையை விட்டுப் பிரியாமல் அதோடு சேர்ந்தே தொண்டையில் போய் விழும். கேப்சூலின் ஓடும் ஈரத்துக்குத் தப்பாது. ஜெலட்டின் ஓட்டில் சாதாரணமாகவே 13 முதல் 16 சதவீதம் தண்ணீர் உண்டு, காற்றில் ஈரம் கூடினால் இன்னும் உறிஞ்சி இளகிவிடும், கருவியில் சரியாகத் துளைபடாது. ரொம்பக் காய்ந்தால் நொறுங்கி, சில்லு வாய்க்குள் வரும். தாவரச் செல்லுலோஸிலிருந்து எடுக்கிற எச்பிஎம்சி ஓடுகளும் உண்டு, அவை கொஞ்சம் தேவலாம்.

தமிழ்நாட்டில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே நன்றாகப் பெய்கிற மாவட்டம் நம்முடையது. இரண்டுக்கும் நடுவிலும் ரப்பர் தோட்டத்து வீடுகளில் வெயில் முற்றத்துக்கு வந்து சேர நேரமாகும். அம்மா இழுத்து முடித்த கேப்சூலை ஒருநாள் பிரித்துப் பார்த்தேன். ஓட்டின் உருண்ட முனையில் பவுடர் பிறைபோல ஒட்டிக்கொண்டு நின்றது, நகத்தால் தட்டினால் தூளாகக் கொட்டாமல் துண்டாக விழுந்தது. அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வருஷக்கணக்காகப் புகையில் இருந்தவர், எதையும் லேசில் குறை சொல்ல மாட்டார். "வாயில இனிப்பு தெரியுது மோனே, நெஞ்சுதான் அப்படியே இருக்கு" என்றார். இனிப்பு லாக்டோஸ். மருந்து எங்கே நின்றுவிட்டது என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிட்டது.

இதில் இன்னொரு சிக்கல், பவுடர் கருவியை அவ்வப்போது கழுவ வேண்டும், கழுவினால் முழுக்கக் காய வேண்டும். ஆடி மாதத்தில் துணியே இரண்டு நாள் கொடியில் கிடக்கிற வீட்டில் கருவியின் வலைக்குள் இருக்கிற ஈரம் எப்போது காயும்? காயாத கருவியில் கேப்சூலைப் போட்டால் பவுடர் சுவரில் அப்பிவிடும். உள்ளே மூச்சை ஊதிவிட்டு அப்புறம் இழுக்கிறவர்களும் நிறையப் பேர், மூச்சுக்காற்றே ஈரம்தான். பாட்டில் மூடியைத் திறந்து திறந்து எடுப்பதும், நாலைந்து கேப்சூலை வெற்றிலைப் பெட்டியில் போட்டு வைத்துக்கொள்வதும் வயதானவர்களிடம் சகஜம்.

பம்பில் மருந்து அழுத்தத்தோடு அலுமினியக் குப்பிக்குள் அடைபட்டிருக்கிறது. வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் அதற்குக் கவலையில்லை. 1955இல் அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத்துத் தலைவர் ஜார்ஜ் மேசனின் ஆஸ்துமாக்கார மகள், தலைக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி இந்த மருந்தும் ஏன் வரக் கூடாது என்று கேட்டதிலிருந்து பிறந்தது இது, 1956இல் விற்பனைக்கு வந்தது. வாசனைத் திரவியத் தொழிலிலிருந்து எடுத்துக்கொண்ட வால்வுதான் ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரே அளவை அளந்து விடுகிறது.

அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துப்போக வேண்டிய பிரச்சினையை ஸ்பேசர் தீர்த்துவிடுகிறது. மருந்து முதலில் குழலுக்குள் நிற்கும், வேகம் குறையும், பெரிய துளிகள் குழல் சுவரிலேயே தங்கிவிடும், நாம் நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். பவுடரை வேகமாக இழுக்க வேண்டும், பம்பை மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து நொடி அடக்க வேண்டும். இழுப்பு முற்றி மூச்சே எடுக்க முடியாத நேரத்தில் வேகமாக இழுக்கச் சொன்னால் எங்கே இழுப்பது? அம்மாவுக்கு அந்த நேரத்தில் உதவியது ஸ்பேசர்தான். ஒருமுறை அழுத்தி, இழுத்து, பிறகு குலுக்கி அடுத்தது. இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகி வீணாகும்.

ஸ்பேசருக்கும் பராமரிப்பு உண்டு, மறைக்கவில்லை. புதுப் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் இருக்கும், அது மருந்தைச் சுவருக்கு இழுத்துக்கொள்ளும். பாத்திரம் கழுவுகிற திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாக வடியவிட வேண்டும். துடைத்தால் மின்சாரம் திரும்ப ஏறிவிடும். நாங்கள் மாதம் ஒருமுறை செய்கிறோம், மழைக்காலத்தில் காய ஒரு நாளுக்கு மேலும் ஆகிறது. ஆனால் ஈரம் இருப்பது குழலில்தான், மருந்தில் இல்லை. பவுடரில் மருந்தே கெட்டுவிடுகிறது.

பம்பில் எனக்கு உண்மையாகவே பிடிக்காதது எண்ணிக்கை. 200 அழுத்து என்று போட்டிருக்கும். அது முடிந்த பிறகும் வாயு கொஞ்ச நாள் பீச்சிக்கொண்டே இருக்கும், சரியான அளவு மருந்து இருக்காது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். எண்ணுகிற கருவி உள்ள பம்பாகக் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் தொடங்கிய தேதியைக் குப்பி செருகுகிற பிளாஸ்டிக்கின் மேல் எழுதுங்கள். காலை இரண்டு, மாலை இரண்டு என்றால் ஐம்பது நாள். வெயிலில் நிற்கிற ஸ்கூட்டர் டிக்கியில் வைக்கவும் கூடாது.

மருந்தைப் பனிப்புகைபோல ஆக்கித் தருகிற மின்கருவியான நெபுலைசர் வாங்கலாமா என்று மைனி கேட்டாள். இழுப்பு உயிருக்கு ஆபத்தாகாத நிலையில் இருக்கிறவரை ஸ்பேசரோடு பம்பு அதற்குச் சளைத்ததல்ல என்பது ஆய்வுகளில் நன்றாக நிரூபணமான விஷயம். அப்புறம் அதற்குக் கரண்டு வேண்டும். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்துக் கம்பங்களும் ரப்பர் மரங்களும் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்த மாவட்டம் இது.

ஒவ்வொரு டோஸையும் தனித்தனி அலுமினியத் தாளில் அடைத்து வருகிற பவுடர் கருவிகளும் உண்டு. இழுக்கும் நேரம்வரை பவுடரில் ஈரம் படாது என்பதால் என் வாதம் அவற்றுக்கு முழுக்கப் பொருந்தாது. விலை கூடுதல், எங்கள் வீட்டில் யாரும் உபயோகித்ததில்லை, ஆகவே நல்லது கெட்டது சொல்ல எனக்கு அனுபவம் போதாது. சின்னக் குழந்தைகளுக்கு மாஸ்க் வைத்த ஸ்பேசர்தான் தருகிறார்கள், அதிலும் எனக்கு நேரடிப் பழக்கமில்லை.

கேப்சூலே போதும் என்று இருக்கிறவர்கள் அதை ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். பாட்டிலில் வருகிற சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல், இழுக்கிற நொடியில் மட்டும் ஒரு கேப்சூலை எடுங்கள். எடுத்ததை விழுங்கிவிடுகிற பெரியவர்களும் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். எந்த வகையானாலும் 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று சொல்கிறது, ஸ்டீராய்டு கலந்த மருந்தும் வேண்டும். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக மாற்றவும் வேண்டாம். மருந்து கேட்கவில்லை என்று அவர் டோஸைக் கூட்டுவதற்கு முன்னால், வீட்டில் உபயோகிக்கிற அதே கருவியைப் பையில் எடுத்துக்கொண்டு போய், அவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள், இழுத்து முடித்த கேப்சூலையும் பிரித்துக் காட்டுங்கள்.