22 பல்லுக்குக் காசு, சைக்கிளில் 18 பல்

பழைய சைக்கிளுக்கு இரண்டு கியர் ஹப் (பின்சில்லின் நடுக்குடம், கியர் அதற்குள்ளேயே இருக்கும்) போட ஆசைப்படும் திருகோணமலைக்காரர்கள் கடைக்குப் போகுமுன் இதை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

சைக்கிள் அப்பாவின் ராலி. 28 அங்குலச் சில்லு, முன்னால் 46 பல், பின்னால் 18. அதற்கு ஒரு டோர்பிடோ டுவோமெட்டிக் ஹப் கிடைத்தது. ஜெர்மனியில் ஃபிக்டல் சாக்ஸ் செய்தது. கேபிள் கிடையாது, மிதியைப் பின்பக்கம் லேசாகத் தட்டினால் கியர் மாறும், அழுத்தினால் பிரேக் பிடிக்கும். ராலியின் பின் ரிம்மில் 40 துளை, இந்த ஹப்பில் 36. ரிம் தேடி அலைந்தது தனிக் கதை.

சில்லுக் கட்டித் தந்த அண்ணை, "ஒரு கியர் மேட்டுக்கு, மற்றது சமதரைக்கு. இருக்கிற 18 பல்லே காணும் தம்பி" என்றார். நானும் நம்பினேன். அங்கேதான் முதல் பிழை. இந்த ஹப்பில் சின்ன கியர் என்பது நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று. பெரியது அதைவிட 36 வீதம் கனம். ஆக, 18 பல்லை விட்டால் சின்ன கியர் அப்பா மிதித்த அதே பழைய கியர்தான். கியரின் அளவை அங்குலத்தில் சொல்வார்கள், எண் கூடினால் மிதிக்கக் கனம். சில்லின் 28ஐ 46ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் ஏறத்தாழ 72 அங்குலம். பெரியது 97. உவர்மலை ஏற்றத்தில் எழும்பி நின்று மிதித்தேன். கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது மான்கள் பார்த்துக்கொண்டு நிற்க, இறங்கித் தள்ளினேன். 97 அங்குலமோ, நிலாவெளி வீதியில் காற்று முதுகில் அடித்தால் மட்டும் உதவும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் திரும்பி வரும்போது அந்த கியரைத் தொடவே முடியாது.

பின்னால் 22 போட்டால் 58க்கும் கொஞ்சம் மேலே ஒன்று, 80க்குக் கொஞ்சம் கீழே ஒன்று. எனக்கு அது காணும். அண்ணையிடம் சொன்னேன். "22 பல் தேடி எடுக்கவேணும்" என்று 4,500 ரூபாய் வாங்கினார். ஒரு கிழமை கழித்து சைக்கிள் வந்தது, பல்சக்கரம் பளபளவென்று. இரண்டு நாள் மிதிக்க லேசாக இருந்ததாகவே நினைத்தேன். (செயினுக்கு எண்ணெய் விட்டிருந்தார், அவ்வளவுதான்.) மூன்றாம் நாள் உவர்மலையில் அதே மூச்சு வாங்கியது.

அப்போதுதான் அச்சு நட்டைப் பார்த்தேன். பெயின்டில் பழைய நட்டு பதிந்த வட்டத்தின் மேலேயே சரியாக இருந்தது. பின்னால் நான்கு பல் கூடினால் செயினும் சுமார் ஓர் அங்குலம் கூடவேண்டும். இல்லையென்றால் சில்லு அரை அங்குலம் அளவுக்கு முன்னால் வரவேண்டும். இங்கே செயினும் கூடவில்லை, சில்லும் நகரவில்லை. ஒரு பல்லில் சோக்கால் குறி வைத்து எண்ணினேன். 18. அப்பாவின் பழைய சக்கரத்தையே மண்ணெண்ணெயில் கழுவிப் போட்டிருக்கிறார்.

போய்க் கேட்டேன். "பல்லு எண்ணியே தம்பி சைக்கிள் ஓடுறது?" என்று சிரித்தார். பிறகு, கொழும்பிலிருந்து பிழையாக அனுப்பிவிட்டார்கள் என்றார். அனுப்பியது என்றால் என் பழைய சக்கரம் எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பழையதைக் கையில் வாங்காமல் நான் காசு கொடுத்திருக்கவே கூடாது.

இந்த வேலைக்கு ஒரு கிழமையும் தேவையில்லை. சில்லைக் கழற்றியபின் சக்கரத்தைப் பிடித்திருப்பது ஒரு கம்பி வளையம் மட்டும்தான். தட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் வந்துவிடும். கண்ணை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், வளையம் பறக்கும். ஸ்டெர்மி ஆர்ச்சர் என்ற இன்னொரு கம்பெனியின் ஹப்புக்கு வரும், உள்ளே மூன்று காது உள்ள 22 பல் சக்கரம் ஒன்று நண்பரிடம் கிடைத்தது, பொருந்தியது. செயினில் இரண்டு கண்ணி சேர்த்தேன்.

இப்போது உவர்மலை இருந்தபடியே ஏறுகிறது. 4,500 ரூபாயில் 2,000 திரும்பி வந்தது. மிச்சம் "அடுத்த கிழமை".