பி.டி.ஓ. ஷாஃப்ட் பிடித்துக்கொண்டால்: எண்ணெயா, சுத்தியலா, நெருப்பா, சங்கிலியா?

சம்பாவுக்குச் சேற்றுழவு முடிந்ததும் ரொட்டவேட்டரைக் கழற்றாமல் டிராக்டரோடு கொட்டகையில் விட்டுவிட்டேன். தை மாதம் நெல் ஏற்ற டிரெய்லர் மாட்ட வேண்டி வந்தபோது டிராக்டரின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்டின் முன் ஜாயின்ட், டிராக்டரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பல் வெட்டிய தண்டை விட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். டீசல் ஊற்றச் சொன்னார் ஒருவர், சம்மட்டியால் அடிக்கச் சொன்னார் இன்னொருவர், கேஸ் வைத்துச் சுட்டால் நொடியில் வரும் என்றார் மற்றொருவர், பக்கத்து வயல்காரர் இன்னொரு டிராக்டரையே கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுக்கத் தயாராக நின்றார். அந்த மூன்று நாளில் பார்த்ததையும் அப்புறம் பட்டறையில் கற்றுக்கொண்டதையும் வைத்து இந்த வழிகளை அலசுகிறேன்.

ஆனால் வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்னால், அது உண்மையிலேயே துருப்பிடித்து நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் சுத்தியலைத் தூக்கியபோது மெக்கானிக் அண்ணன் தடுத்தார். "தம்பி, அதைக் கீழ வை. பின்னு முழுசா உள்ள போவுதா பாரு முதல்ல" என்றார். பின் பாதிதான் உள்ளே போனது. தண்டின் முனையருகே சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும், ஜாயின்டின் லாக் பின் அதில்தான் உட்கார்ந்திருக்கும். சேற்றில் ஓட்டிய வண்டியில் பின்னைச் சுற்றிக் களிமண் இறுகி, அழுத்தினாலும் பின் பள்ளத்தை விட்டு வராது. அந்த நிலையில் எத்தனை அடி அடித்தாலும் பின்னைத்தான் நசுக்குவீர்கள். பின்னுக்குப் பதில் போல்ட் போட்ட பழைய வகை என்றால் நட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, போல்ட்டின் உடம்பே பள்ளத்தின் குறுக்கே போகும். அதை முழுசாக உருவ வேண்டும்.

இன்னொன்று, முறுக்கு. ரொட்டவேட்டர் சரிவில் நின்றாலோ கத்தி மண்ணில் ஊன்றியிருந்தாலோ ஷாஃப்ட் முறுக்கேறி நிற்கும், பல்லுக்குப் பல் நெரித்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்து, பி.டி.ஓ.வை நியூட்ரலில் வைத்து ஜாயின்டைக் கையால் இப்படியும் அப்படியும் கொஞ்சம் திருப்பினால் சில சமயம் அதிலேயே வந்துவிடும். ஷாஃப்டின் இரண்டு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று முழுசாக நுழைந்து பின்னால் போக இடமில்லாமல் நிற்பதும் உண்டு.

இவை எதுவும் இல்லை, துருதான் என்றால் என் முதல் ஓட்டு எண்ணெய்க்கு. இரும்பு துருவாகும்போது முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். 540 சுற்று பி.டி.ஓ.வின் 35 மி.மீ. தண்டில் இருப்பது ஆறு பல், அந்தச் சின்ன இடைவெளியில் துரு ஊதி நின்றால் வெறும் கையால் என்ன செய்ய முடியும்? துரு இளக்கும் ஸ்ப்ரேதான் நல்லது, கிடைக்காவிட்டால் டீசல். பிரேக் ஆயில் வேண்டாம், பெயின்ட்டை உரித்துவிடும், பின்னால் இருக்கிற ஆயில் சீலுக்கும் ஆகாது. எண்ணெயை மேலே ஊற்றினால் வழிந்து கீழே போகுமே தவிர உள்ளே போகாது, அதனால் பின் இருக்கிற துளை வழியாகவும், ஜாயின்டில் கவை போல நீட்டியிருக்கும் இரண்டு காதுக்கும் நடுவில் தெரிகிற தண்டு முனை வழியாகவும் விட வேண்டும். பழைய துணியை நனைத்து ஜாயின்டின் பின் விளிம்பில் சுற்றிக் கட்டிவிட்டு, காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு தரமும் ஷாஃப்டை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தேன். இந்த வழியில் எதுவும் கெடாது, ஆனால் ஒன்றிரண்டு நாள் ஆகும். அறுவடை நேரத்தில் ஒன்றிரண்டு நாள் என்பது சின்ன விஷயமில்லை, அதனால்தான் எல்லாரும் சம்மட்டியைத் தேடுகிறார்கள்.

சம்மட்டியைத் தனி வழியாக நான் எடுத்துக்கொள்ளவே மாட்டேன், எண்ணெயோடு சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. ஓங்கி அடிப்பது வேறு, தட்டுவது வேறு. ஜாயின்டின் கழுத்துப் பகுதியில் ஒரு பக்கம் கனமான சுத்தியலைத் தாங்கிப் பிடித்து, எதிர்ப்பக்கம் சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் அந்த அதிர்வில் துரு உடையும், எண்ணெய் உள்ளே இறங்கும். காதில் அடித்தால் காது வளையும், கிராஸ் (ஜாயின்டின் நடுவில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டு) உட்காரும் துளை கோணும், அப்புறம் புது ஜாயின்டும் வெகுநாள் நிற்காது. தண்டின் முனையில் டிராக்டரை நோக்கி அடிக்கவே கூடாது. அந்த அடி நேராகக் கியர் பெட்டிக்குள் பேரிங்கில் போய் விழும்.

கேஸ் வைத்துச் சுடுவது வேலை செய்யும், மறுக்க மாட்டேன். ஜாயின்டை மட்டும் 200 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் 35 மி.மீ. துளை 0.08 மி.மீ. அளவுக்கு விரியும், துருவின் பிடி விட அது பல நேரம் போதும். ஆனால் வேகமாகச் சுட்டு, தண்டு சூடாகும் முன்னால் உருவிவிட வேண்டும். மெதுவாகச் சுட்டால் தண்டும் சேர்ந்து விரியும், பலன் போச்சு. பின்னாலேயே ஆயில் சீல், லாக் பின்னுக்குள் ஸ்பிரிங், பிளாஸ்டிக் உறை எல்லாம் இருக்கின்றன. முதல் நாள் டீசலும் ஸ்ப்ரேயும் விட்ட இடத்தில் மறுநாள் நெருப்பு வைப்பது தற்கொலைக்குச் சமம். என் கொட்டகையில் இரண்டடி தள்ளி வைக்கோல் கிடந்தது, அதனால் நான் யோசிக்கவே இல்லை. சுட வேண்டும் என்றால் பட்டறையில், துடைத்துக் கழுவிவிட்டு, கை பழகினவர் சுடட்டும்.

சங்கிலிக்கு ஒரே வார்த்தை, வேண்டாம். ஷாஃப்டில் கட்டினால் இரண்டு பாதியும் பிரிந்து வருமே தவிர ஜாயின்ட் அங்கேயே இருக்கும். ஜாயின்டிலேயே கட்டினாலும் இழுவை நேராக அமையாது, கோணலாக இழுத்தால் பல் இன்னும் இறுகும், சங்கிலி அறுந்தால் எதிரில் இருப்பவர் கதி அவ்வளவுதான். இதைவிட மோசம், இன்ஜினை ஸ்டார்ட் செய்து பி.டி.ஓ.வைப் போட்டு எடுத்து உதறுவது. 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று, தோளில் கிடக்கும் துண்டு மாட்டினால் கையை உதறக்கூட நேரம் இருக்காது.

இந்த நாலிலும் சேராத ஒன்றுதான் புல்லர் (கொக்கி போட்டு, நடு ஸ்க்ரூவை இறுக்கி உருவும் கருவி), எண்ணெய்க்கு அடுத்து நான் நம்புவது அதைத்தான். ஆனால் கடையில் வாங்கி வந்து அப்படியே மாட்ட முடியாது. புல்லரின் நடு ஸ்க்ரூ தண்டின் முனையில் ஊன்ற வேண்டும், அந்த இடத்தை கிராஸ் மறைத்துக்கொண்டிருக்கும். வட்ட லாக்குகளை எடுத்து, கிராஸின் முனைகளில் இருக்கும் பேரிங் கப்புகளைத் தட்டி வெளியேற்றி, கிராஸைக் கழற்றிய பிறகுதான் ஸ்க்ரூ உட்காரும். டிராக்டரின் பி.டி.ஓ. மூடியையும் கழற்றினால்தான் கொக்கி போட இடம் கிடைக்கும் (வேலை முடிந்ததும் அதைத் திரும்ப மாட்டுங்கள், அந்தத் தகடு இல்லாமல் ஓடுகிற வண்டிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்). ஸ்க்ரூவை இறுக்கி வைத்துக் கழுத்தில் நாலு தட்டு, மறுபடி இறுக்கு, மறுபடி தட்டு. இழுப்பு நேர்கோட்டில் போவதால் பேரிங்குக்கு அடி விழாது. அதற்கும் மசியவில்லை என்றால் கிரைண்டரால் ஜாயின்டை நீளவாக்கில் அறுத்துப் பிளப்பதுதான் மிச்சம். ஜாயின்ட் போனால் வேறு வாங்கலாம், டிஸ்க் தண்டின் பல்லில் பட்டுவிட்டால் செலவு டிராக்டருக்குள் போய்விடும், அதனால் கடைசி ஒரு நூல் கனத்தை விட்டுவிட்டு உளியால் விரிக்கச் சொன்னார் அண்ணன்.

எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. லாக் பின்னைச் சுற்றிக் கம்பியால் குத்திக் களிமண்ணை எடுத்ததும் பின் 'டக்'கென்று முழுசாக உள்ளே போனது, மூன்றாம் நாள் காலை புல்லர் இரண்டாவது இறுக்கிலேயே ஜாயின்டை நகர்த்திவிட்டது. கழன்ற பிறகு பார்த்தால் பள்ளம் முழுக்கச் செங்கல் போல இறுகிய மண், ஆறு பல்லில் கீழ்ப்பக்கத்து இரண்டில்தான் துரு. தண்ணீர் தேங்கி நின்ற பக்கம் அது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து கிரீஸ் தடவினேன். இப்போதெல்லாம் ரொட்டவேட்டர் வேலை முடிந்த அன்று மாலையே ஷாஃப்டைக் கழற்றி, உறையோடு துடைத்து, சுவரோரமாகத் தொங்கவிடுகிறேன்.