ஃபோலிக் ஆசிட் 5 மி.கி.: ஆறு மாதம் விழுங்கியவள் எழுதுகிறேன்

சட்டைப் பொத்தானில் பாதிதான் இருக்கும். மஞ்சள் நிறம். வாடை கிடையாது, வெறும் வயிற்றில் போட்டாலும் எனக்குக் குமட்டவில்லை. அப்புறம் வந்த இரும்புச்சத்து மாத்திரை என்னைப் படுத்திய பாட்டுக்கு இது தங்கம். நான் வாங்கியபோது ஒன்று இரண்டு ரூபாய்க்குள்தான்.

முதல் பிள்ளை எனக்குத் தங்கவில்லை. இருபதாம் வார ஸ்கேனில் முதுகுத்தண்டு சரியாக மூடவில்லை என்றார்கள். அப்போதும் இதே மாத்திரை போட்டேன்தான், ஆனால் ஆரம்பித்தது எட்டாம் வாரத்தில். மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய் சரியாக மூடத்தான் இந்த மாத்திரை. அந்தக் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுமாம். நாள் தள்ளிப்போய், இரண்டு கோடு பார்த்து, அத்தையிடம் சொல்லி, டோக்கன் போட்டு டாக்டர் முன்னால் உட்காருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதனால் இந்த முறை மூன்று மாதம் முன்னாலேயே எழுதிக் கொடுத்தார் டாக்டர். சீட்டை நீட்டினால் மருந்துக் கடைத் தம்பி, “எத்தனை மாசம்க்கா?” என்றான். இன்னும் இல்லை என்றேன். “அப்ப எதுக்கு இப்பவே?” பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். பதில் சொல்லாமல் காசை வைத்தேன். அவன் அட்டையைக் கத்தரியால் வெட்டி, காலாவதித் தேதி இருந்த முனையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தான். முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் அத்தைக்கு வேறு சந்தேகம்: “கீரையில இல்லாத சத்தா இதுல இருக்கு?” கீரையிலும் இதே சத்து இருக்கிறதுதான். ஃபோலிக் என்ற பெயரே இலைக்கான லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. ஆனால் நாம் கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் அதில் நிறையப் போய்விடும். கீரையும் பாசிப்பயறும் சாப்பிட்டேன், மாத்திரையையும் விடவில்லை. சிரிக்கிற குழந்தைப் படம் போட்ட சாக்லேட் பவுடர் டப்பா ஒன்றும் வாங்கித் தந்தார்கள். அதை என் கணவர்தான் பாலில் போட்டுக் குடித்துத் தீர்த்தார்.

ஒன்று முக்கியம். 5 மி.கி. எல்லோருக்கும் இல்லை. என்னைப் போல ஒருமுறை அடிபட்டவர்களுக்கும் டாக்டர் சொன்ன வேறு சிலருக்கும்தான். 1991இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், ஏற்கெனவே இப்படிப் பிள்ளை உண்டான பெண்களுக்குத் தினம் 4 மி.கி. கொடுத்ததில், மறுபடி அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. நூற்றுக்கு நூறு இல்லை, அதைத் தெரிந்துதான் விழுங்கினேன். மற்றவர்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும். அதாவது என் மாத்திரையில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை.

பன்னிரண்டாம் வாரத்தோடு நிறுத்தச் சொன்னார். இருபதாம் வார ஸ்கேனில் அந்த அம்மா முதுகுப் பக்கம் கருவியை வைத்து வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “எல்லாம் மூடியிருக்கு, மூச்சு விடுங்க” என்றார். இப்போது ஏழாம் மாதம்.

மாத்திரைக்கு ஐந்து நட்சத்திரம். கடைக்கு இரண்டு. என் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். அவளுக்கு 400 மைக்ரோகிராம் தேடி இங்கே மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன், எல்லாரும் 5 மி.கி.யையே நீட்டுகிறார்கள். விருதுநகர் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.