ஐடிஐ எலக்ட்ரீஷியனா, டிப்ளமோ ட்ரிபிள் ஈ-யா?

அக்கா மகன் பத்தாவது முடித்திருக்கிறான். எலக்ட்ரிக்கல்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறான். ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) எலக்ட்ரீஷியன் சேர்ப்பதா, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) சேர்ப்பதா என்று வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சு. நான் அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்து, அப்புறம் நேரடி இரண்டாம் ஆண்டில் டிப்ளமோ சேர்ந்து முடித்தவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. அக்காவிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்: முதலில் ஐடிஐ.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டுக்கும் பத்தாவது போதும். ஐடிஐ 2 வருடம், டிப்ளமோ 3 வருடம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை எல்லாம் உண்டு. அரசு பாலிடெக்னிக்கிலும் செலவு பெரிதாக இல்லை. ஆகவே பணத்தை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

என் முடிவு நிற்பது ஒரே விஷயத்தில்தான், கை பழகும் நேரம். ஐடிஐ எலக்ட்ரீஷியன் பாடத்திட்டத்தில் இப்போது வருடத்துக்கு 840 மணி நேரம் செய்முறை. மொத்த நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு. இது காகிதத்தில் ஒரு எண் மாதிரி தெரியும், ஆனால் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறவனுக்கு அது என்னவென்று தெரியும். எனக்கு முதல் வருடம் மேரீட் ஜாயின்ட் போடச் சொன்னார்கள், அதாவது இரண்டு கேபிள் முனைகளைக் கையால் பின்னி இணைப்பது. ஏழு இழை கேபிளின் இன்சுலேஷனைச் சீவி, இழைகளைக் குடை மாதிரி விரித்து, இரண்டு முனைகளையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஒவ்வொரு இழையாக எதிரெதிர்ப் பக்கம் கட்டிங் பிளேயரால் இறுக்கிச் சுற்ற வேண்டும். போட்டு முடித்ததை சார் இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். என்னுடையது மூன்று நாள் கழன்றது. நாலாவது நாள் கழலவில்லை. சாதாரண வீட்டு வயரிங்கில் இன்றைக்கு யாரும் அந்த ஜாயின்ட் போடுவதில்லை, கனெக்டரும், வயர் முனையில் மாட்டி இறுக்கும் லக்கும் வந்துவிட்டன. ஆனால் ஸ்க்ரூவைத் திருகும்போது டெர்மினல் (வயர் மாட்டும் முனை) நன்றாகப் பிடித்திருக்கிறதா, லூசாக இருக்கிறதா என்பதை என் விரல் சொல்லும், அதைக் கற்றுக்கொடுத்தது அந்த நாலு நாள்தான். லூஸ் டெர்மினல் சூடாகும், சூடானால் இன்சுலேஷன் கருகும், நான் பார்த்த பேனல் கோளாறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் ஆரம்பித்தன.

பாலிடெக்னிக்கில் லேப் இல்லையா என்றால், இருக்கிறது. மோட்டாரை ஓடவிடப் பயன்படும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரை நாங்கள் அங்கேயும் செய்தோம். ஆனால் ஒரு டேபிளுக்கு ஐந்து பேர், ஒருவர் வயர் மாட்டுவார், ஒருவர் ரீடிங் எழுதுவார், மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் படம் வரைவார்கள். ஐடிஐயில் அதையே ஒவ்வொருவனும் தனியாகக் கட்டினோம். கான்டாக்டர் என்பது காயிலுக்கு சப்ளை கிடைத்தால் இழுத்துப் பிடிக்கும் சுவிட்ச். ஸ்டார் கான்டாக்டரும் டெல்டா கான்டாக்டரும் ஒரே நேரத்தில் பிடித்தால் மூன்று பேஸும் நேராக ஷார்ட் ஆகும், அதைத் தடுக்க ஒன்றின் என்சி கான்டாக்ட் (அது பிடிக்காதபோது மூடியும், பிடித்தால் திறந்தும் இருக்கும் தொடர்பு) வழியாகத்தான் மற்றதன் காயிலுக்கு சப்ளை போக வேண்டும். இதைப் படத்தில் பார்த்துப் புரிந்துகொள்வது வேறு, தானே மாட்டி, சார் வந்து விரலால் வயரைத் தொடர்ந்து பார்த்து 'சரி, சப்ளை போடு' என்று சொல்லும்வரை வியர்த்து நிற்பது வேறு.

டிப்ளமோவுக்கு உள்ள பலத்தையும் சொல்ல வேண்டும். ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர் பதவிக்கு டிப்ளமோ வேண்டும், ஐடிஐ போதாது. சூப்பர்வைசர் தகுதிச் சான்றிதழ் வாங்கி கான்ட்ராக்ட் எடுத்துச் செய்ய நினைப்பவருக்கும் அதுதான் நேர்வழி. பி.இ. போகவும் கதவு திறந்திருக்கும். ஆனால் ரயில்வே டெக்னீஷியன் கிரேடு 3-க்கு ஐடிஐ சான்றிதழ்தான் கேட்கிறார்கள், அதற்குப் பதில் டிப்ளமோவை ஏற்பதில்லை. மின்வாரியத்தில் கள உதவியாளர் வேலைக்கும் ஐடிஐதான். டிப்ளமோ பெரிய படிப்பு, அது இருந்தால் இதுவும் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை.

அதனால்தான் ஐடிஐ முடித்துவிட்டு டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரச் சொல்கிறேன். மொத்தம் 4 வருடம், நேராக டிப்ளமோ படிப்பவனைவிட ஒரு வருடம் கூடுதல், கையில் இரண்டு சான்றிதழ். இதில் ஒரு கஷ்டம் நிச்சயம் உண்டு, மறைக்க மாட்டேன். முதலாண்டுக் கணக்கு நமக்கு விட்டுப்போகும். காம்ப்ளெக்ஸ் நம்பர் என்ற ஒன்றையே நான் சர்க்யூட் தியரி வகுப்பில்தான் முதல்முறை பார்த்தேன், அது தெரியாமல் ஏசி சர்க்யூட் கணக்கு ஒரு அடி நகராது. ஐடிஐயிலிருந்து வந்த நாங்கள் நாலு பேரும் அந்த செமஸ்டரில் அரியர் வைத்தோம், லேப்பில் மட்டும் எங்களைச் சுற்றித்தான் கூட்டம். பையன் ஐடிஐ இரண்டாம் வருடத்திலேயே முதலாண்டு டிப்ளமோ கணக்குப் புத்தகத்தை வாங்கி வாரத்துக்கு இரண்டு நாள் பார்த்தால் இந்த அடி விழாது.

கணக்கில் நல்ல பிடிப்பு, பி.இ. வரை படித்தே ஆக வேண்டும் என்ற எண்ணம், இந்த இரண்டும் இருக்கிற பையனுக்கு நேராக டிப்ளமோ சரியாக இருக்கலாம். அந்த வழியில் நான் போனதில்லை, கூடப் படித்தவர்களைப் பார்த்துச் சொல்கிறேன். தனியார் ஐடிஐயிலும் நான் படித்ததில்லை, அங்கே சேர்ப்பதாக இருந்தால் எலக்ட்ரீஷியன் டிரேடுக்கு (பிரிவுக்கு) மத்திய அரசின் அங்கீகாரம் (பழக்கத்தில் என்சிவிடி என்பார்கள்) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம், எதில் சேர்த்தாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒர்க்‌ஷாப்புக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். சுவரில் வயரிங் பழகும் மரப்பலகைகள் இருக்கும். அதில் ஸ்க்ரூ அடித்துக் கழற்றிய ஓட்டைகள் எவ்வளவு இருக்கின்றன என்று எண்ண வேண்டாம், கையால் தடவிப் பாருங்கள். எங்கள் ஐடிஐ பலகையில் புதிதாக ஒரு ஸ்க்ரூ இறக்க இடம் தேட வேண்டியிருக்கும். அக்கா மகனைத் திங்கட்கிழமை அங்கேதான் கூட்டிப் போகிறேன்.