புதுத் தோட்டா எடுபடுமா? சில போட்டிகளை வைத்து ஓர் அலசல்

சிங்கப்பூரில் என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடித்த யாரைக் கேட்டாலும் தோட்டா என்றால் 5.56 மி.மீ.தான். எதைச் சுடுவது என்று நம்மை யாரும் கேட்டதில்லை. கொடுத்ததைச் சுட்டோம். லைவ் ரவுண்டோ (சுடாத தோட்டா) காலி கேசிங்கோ (தோட்டாவின் உலோக உறை) கையில் இல்லை என்று உரக்கச் சொல்லிவிட்டு ரேஞ்சைவிட்டு வந்தோம். புதுத் தோட்டாக்கள் மோதிக்கொள்ளும் சந்தை அமெரிக்காவில்தான் இருக்கிறது. ஆனாலும் துப்பாக்கி சுடுதலில் ஆர்வமுள்ளவர்கள் இந்தப் போட்டிகளைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல தோட்டா தோற்பதும் சுமாரானது ஜெயிப்பதும் ஏன் என்பது இங்கேதான் தெரியும்.

முதலில் .260 ரெமிங்டன், 6.5 கிரீட்மோர் என்ற இரண்டு ரைபிள் தோட்டாக்கள். .260 தோட்டா 1997-இல் வந்தது, கிரீட்மோர் 2007-இல். இரண்டிலும் குண்டின், அதாவது தோட்டாவிலிருந்து பறந்துபோகும் முனையின், விட்டம் ஒன்றே. வேகத்திலும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் கிடையாது. பத்தாண்டு முன்னால் வந்த .260தான் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் இன்று கடைக்குப் போனால் எங்கும் கிரீட்மோர்தான்.

காரணம் கேசிங்கின் நீளத்தில் தொடங்குகிறது. .260 என்பது .308 வின்செஸ்டர் என்ற பழைய தோட்டாவின் கேசிங்கை வாய்ப்பக்கம் குறுக்கிச் செய்தது, நீளம் 51.7 மி.மீ. கிரீட்மோர் 48.8 மி.மீ. தூரம் சுடுபவர்களுக்கு நீளமான, ஒல்லியான குண்டு வேண்டும். காற்று அதை அவ்வளவாகத் தள்ளாது. அந்தக் குண்டை .260-இல் வைத்தால், மேகசினுக்குள் (துப்பாக்கியில் செருகும் தோட்டாக் கூடு) அடங்குவதற்காக அதை உள்ளே அமுக்க வேண்டியிருக்கும். வெடிமருந்துக்கான இடம் குறையும். கிரீட்மோரில் அந்த 3 மி.மீ. முன்கூட்டியே யோசித்து விடப்பட்டிருக்கிறது. பேரலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளும் தொடக்கத்திலிருந்தே 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான குண்டு நிலையாகப் பறக்க அந்தச் சுழற்சி தேவை.

ஆனால் என்னைக் கேட்டால், தீர்ப்பைச் சொன்னது பெட்டியில் இருந்த தோட்டாதான். ஹார்னடி நிறுவனம் போட்டித் தரத்திலான தோட்டாவை நியாயமான விலையில் கடையில் வைத்தது. .260-ஐ நம்பியவர்களோ, நல்ல பலன் வேண்டுமென்றால் பெரும்பாலும் தாங்களே மருந்து நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து தோட்டா நிரப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லாத நம்மூரிலிருந்து பார்த்தால் இதன் அருமை உடனே புரியும். வாங்கி, அப்படியே சுட்டால் குண்டுகள் எல்லாம் நெருக்கமாக ஒரே இடத்தில் விழ வேண்டும். பெரும்பாலானவர்கள் கேட்பது அவ்வளவுதான்.

அப்புறம் .30 சூப்பர் கேரி என்ற பிஸ்டல் தோட்டா. ஃபெடரல் 2022-இல் கொண்டுவந்தது. 9 மி.மீ.-யைவிட ஒல்லி, அதனால் அதே அளவு பிஸ்டலில் இரண்டு மூன்று ரவுண்டு கூடுதலாகப் பிடிக்கும். யோசனை நல்லதுதான். ஆனால் 1902 முதல் இருக்கும் 9 மி.மீ.-க்குக் கிடைக்காத பிஸ்டலே இல்லை, விலையும் குறைவு. புதியதற்கோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்கள்தான் வந்தன. பழையதும் சும்மா இருக்கவில்லை. 1990-இல் வந்து போலீஸ் துறைகளை வாரிக்கொண்ட .40 எஸ்&டபிள்யூவை விட்டு எஃப்பிஐ மறுபடி 9 மி.மீ.-க்கே திரும்பியது, அந்தக் குண்டுகள் அவ்வளவு மேம்பட்டிருந்ததால்தான். சூப்பர் கேரி நிலைக்கும் என்று நான் நம்பவில்லை.

இதற்கு நேர்மாறாக .300 பிளாக்கவுட். 5.56 சுடும் ஏஆர்-15 ரைபிள் வைத்திருப்பவர் பேரலை மட்டும் மாற்றினால் போதும். போல்ட்டும் மேகசினும் அதே. 2011-இல் தரப்படுத்தப்பட்ட இது இன்றும் நன்றாக ஓடுகிறது.

ராணுவத்தின் கதை வேறு. அங்கே சந்தை இல்லை, உத்தரவுதான். அமெரிக்கத் தரைப்படை 2022-இல் 6.8×51 மி.மீ.-யைத் தேர்ந்தெடுத்தது. 80,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை அழுத்தம் தாங்குவதற்காக அதன் கேசிங்கின் அடிப்பாகம் எஃகால் ஆனது. தூரமும் ஊடுருவலும் கூடும், சரி. ஆனால் ஒரு வீரர் சுமப்பது 5.56-இல் 30 ரவுண்டு மேகசின் ஏழு, மொத்தம் 210; புதியதில் 20 ரவுண்டு மேகசின் ஏழு, மொத்தம் 140. எடையும் பின்னுதைப்பும் அதிகம்.

நமக்கு இது சரிப்படுமா? சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் 1967-இல் தொடங்கப்பட்டதே 5.56 தோட்டா தயாரிக்கத்தான். எம்16எஸ்1, எஸ்ஏஆர் 80, அல்டிமேக்ஸ் 100, எஸ்ஏஆர் 21 ஆகிய துப்பாக்கிகள் எல்லாம் அந்த ஒரே தோட்டாவைச் சுற்றி வந்தவை. காட்டிலும் கட்டடங்களுக்கு நடுவிலும் பார்வையே சில நூறு மீட்டருக்கு மேல் போகாத நிலப்பரப்பில், எழுபது ரவுண்டை விட்டுக்கொடுத்து தூரத்தை வாங்குவது நஷ்டம் என்றே நினைக்கிறேன். எதிரில் நிற்பவரின் கவச உடையை 5.56 துளைக்காத நாள் வந்தால் மட்டும் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.